ஆண் உடம்புக்கு வந்த பால்காரி

தென்காசிப் பக்கம் ஒரு மரவாடியில் முப்பிடாதி என்று ஒருவன் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மரத்தை விட்டுவிட்டு அவன் தொடையைப் பிடித்துக்கொண்டது ரம்பம். ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் பாதி ரத்தம் போய்விட்டது. வேறு ரத்தம் ஏற்றித் தையல் போட்டார்கள். மீதிக் கதை அவன் தோலுக்கு உள்ளே நடந்தது.

ரத்தம் கொட்டியபோது உள்ளே உத்தரவு போட்டவன் அவசரம் என்கிற ஹார்மோன். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து புறப்பட்டு வந்தவன். "இருக்க ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும்தாம்லே! மத்தவன் எவனும் அசையப்படாது!" என்று கத்திக்கொண்டே ஓடினான். நல்ல உத்தரவுதான், குறை சொல்ல முடியாது. அதனால்தான் முப்பிடாதி ஆஸ்பத்திரி வரை உயிரோடு வந்தான். ஆனால் ரத்தம் ஏற்றி மூன்று நாளாகியும் அந்த உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை.

மண்ணீரலில் காவல் இருந்த தின்னிக்கு ஒரே குழப்பம். அவன் ஒரு வெள்ளையணு. உள்ளே நுழையும் கிருமியைப் பிடித்து விழுங்குவது அவன் பிறவித் தொழில். இப்போதோ காயத்தின் வழியாகக் கிருமிகள் பந்திக்கு வருகிற மாதிரி கூட்டமாக வந்துகொண்டிருந்தன. முப்பிடாதிக்குக் காய்ச்சல் ஏறியது. இன்னும் ஒரு நாள் இப்படியே போனால் ஆள் தேறமாட்டான்.

"நான் திங்கலாமா, கூடாதாவே?" என்று கேட்டான் தின்னி.

"அதான் உத்தரவு இருக்குல்லா," என்றான் அவசரம்.

"அது எப்ப முடியும்?"

"எனக்கெப்படித் தெரியும்? எனக்குப் போடத்தான் தெரியும்."

வெளியே டாக்டரம்மா முப்பிடாதியின் மனைவி பூரணத்திடம், "இது இன்னும் சோதனையில இருக்கிற மருந்து. குடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். பூரணம் அழுதுகொண்டே தலையாட்டினாள். ஊசி வழியாக வந்து இறங்கினாள் பால்காரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அவள்தான்.

அவசரம் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏட்டி, விலாசம் மாறி வந்துட்டியே! இது ஆம்பளை உடம்பு. இங்க எந்தப் பிள்ளைக்குப் பால் குடுக்கப் போற?"

"நான் வயித்துக்கு மட்டுமா குடுக்கேன்? பிள்ளைக்குச் சீக்கு அண்டாம காவலும் சேத்துத்தான் குடுக்கேன்."

"புதுசா வந்தவளுக்கு வாயைப் பாரு!"

"புதுசா? இவன் பொறந்ததுலருந்து மூளைக்கு அடியிலதான் கொஞ்சமா குடியிருக்கேன். நீங்க யாரும் கண்டுக்கிடல, அவ்வளவுதான்."

தின்னிக்குத் தலை சுற்றியது. அவசரம் சொல்வதைக் கேட்பதா, பால்காரி சொல்வதைக் கேட்பதா? இவன் பேச்சைக் கேட்டுத்தான் உயிர் மிஞ்சியது. இவன் பேச்சைக் கேட்டுத்தான் இப்போது உயிர் போகிறது.

பால்காரி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பசிக்காடே?"

"பசிக்கு."

"அப்போ தின்னு."

இதுவும் உத்தரவுதானா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுந்தான். முதல் கிருமியை விழுங்கினான். அதைப் பார்த்து மற்ற காவல்காரர்களும் சோம்பல் முறித்தார்கள்.

ஊசி போட்ட இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவசரத்துக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. "இவன் ஆம்பளையா, பொம்பளையா? ஒண்ணைச் சொல்லித் தொலைங்கலே!"

தின்னி வாய் நிறையக் கிருமியோடு சொன்னான்: "செத்திருந்தா வெறும் பொணம்தாம்வே. ஆம்பளையா இருக்கதுக்கும் மொதல்ல உசுரு வேணும்."