எழுபத்திரண்டாவது பெயர்

மலேசியாவில் சுங்கை பட்டாணி என்ற ஊரில் ஒரு சிறிய தியான மண்டபம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் யோகாம்பாள். வயது நாற்பத்தேழு. முன்பு அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் குணாளன். வயது அறுபத்தொன்று. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யோகாம்பாளுக்கு நான்காம் வகுப்பில் பாடம் நடத்தியவரும் அவர்தான். அதனால் குருவாகிய யோகாம்பாள் அவரை ‘சார்’ என்று கூப்பிடுவார். குணாளன் ‘அம்மா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

ஒரு நாள் காலையில் குணாளன் நீலக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

“உக்காருங்க, சார். சட்டைக் கையை மடிச்சு விடுங்க,” என்றார் யோகாம்பாள். இரத்த அழுத்தம் பார்த்தார். “நூத்தி அறுபது. தூங்கறதில்லையா?”

“பயணம் நெருங்குதும்மா.”

அந்தப் பயணத்தைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் கல்லுமலை ரப்பர் தோட்டத்திலிருந்து, இன்று தாய்லாந்து என்கிற சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் எழுபத்தோரு பேர். ஒருவரும் திரும்பவில்லை. நான்கு வருடங்களாக வீடு வீடாகப் போய் அவர்களுடைய பெயர்களைச் சேகரித்திருந்தார் குணாளன். இப்போது அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பஸ்ஸில் அந்தப் பாதை போட்ட காஞ்சனபுரிக்கு அழைத்துப் போகப் போகிறார். முப்பத்தெட்டுப் பேர். நான்கு நாள். அங்கே அந்தப் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்து மலர் வைப்பதாக ஏற்பாடு.

“நேத்து கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டோம். சண்டையாப் போச்சும்மா.”

“எதுக்கு?”

“எழுபத்தோரு பேருக்குக் கீழ இன்னொரு பேர் எழுதியிருந்தேன். மாரப்பன். என் தாத்தா.”

மாரப்பன் அந்தத் தோட்டத்தின் கங்காணி. ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டபோதெல்லாம், விடிகாலையில் வேலைக்காரர்களைக் கூட்டி நிறுத்தும் பெரட்டுக் களத்தில் நின்று, பிரம்பால் கைகாட்டியவர் அவர்தான். மூன்று தடவையாக எழுபத்தோரு பேரைக் காட்டினார். கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். அவரும் வரவில்லை.

“வீரையாண்ணன் எழுந்திரிச்சிட்டாரு. ‘எங்கப்பனை அனுப்புனவன் பேரையும் எங்கப்பன் பேரையும் ஒரே தாள்ல வாசிப்பியா? வாசிச்சா நான் பஸ் ஏற மாட்டேன்’னுட்டாரு. பாதிப் பேர் அவர் பக்கம். மீதிப் பேர், ‘கங்காணியும் அங்கதானே செத்தாரு’ங்கறாங்க. நீங்க சொல்லுங்கம்மா. வாசிக்கலாமா, வேண்டாமா?”

யோகாம்பாள் அழுத்தமானியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

“பஸ்ல யார் எங்க உக்காரணும்னு எழுதியிருப்பீங்களே. காட்டுங்க.”

குணாளன் கோப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். வீரையாவுக்கு நான்காம் எண், முன்வரிசை. குணாளனுக்கு முப்பத்தேழாம் எண், கடைசி வரிசை.

“ஏன் சார் இவ்வளவு தூரம்?”

“பின்னால இருந்தா எல்லாரையும் பாத்துக்கலாம்.”

யோகாம்பாள் பென்சிலை எடுத்து முப்பத்தேழில் இருந்த பெயரை அடித்தார். நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ‘குணாளன்’ என்று எழுதினார்.

“முப்பத்தேழை எனக்குக் குடுங்க. நானும் வர்றேன்.”

“வீரையாண்ணனே வருவாரான்னு தெரியலையேம்மா.”

“இன்னும் முடிவு பண்ணலைன்னு அவர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க.”

“சரிம்மா. என் கேள்விக்குப் பதில்?”

“நீங்க இன்னும் கேக்கவே இல்லையே, சார்.”

குணாளனின் முகம் மாறியது. கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார்.

வீரையாவின் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். வீரையா ஒரு வாரம் கழித்து, மகள் மூலமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்பினார்.

பஸ் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டது. வீரையா சன்னலோரம் உட்கார்ந்தார். எழுபத்தாறு வயது, லாரி ஓட்டியவரின் தடித்த கைகள். பக்கத்தில் குணாளன் உட்கார்ந்ததும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். எல்லை தாண்டும்வரை அவர் திரும்பவே இல்லை.

ஹட்ஜாய் தாண்டியதும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த ரோட்டுல அரிசி மூட்டை ஏத்திட்டு வந்திருக்கேன். அப்ப ரெட்டைத் தடம் கிடையாது.”

“எந்த வருசம்ணே?”

“அறுபத்தெட்டு.”

அதற்குப் பிறகு பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. பிரேக் பிடிக்காமல் போன லாரி, பாலத்தில் பார்த்த யானை, மகளுக்குத் தாமதமாக அமைந்த கல்யாணம். வீரையா ஆரஞ்சு உரித்து, கேட்காமலே பாதியைக் குணாளனின் கையில் வைத்தார்.

குணாளன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மதியம் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். குணாளன் யோகாம்பாளைத் தேடிப் போனார். அவர் ஒரு மரத்தடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னை இடம் மாத்திடுங்கம்மா. அவர் சிரிச்சுப் பேசறாரு. என்னால முடியலை.”

“ஏன்?”

குணாளன் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மூணாவது தடவை ஜப்பான்காரன் இருபது பேர் கேட்டான். கல்யாணம் ஆகாத பையனுங்களை அனுப்பறதுன்னு பேச்சு. எங்கப்பாவுக்குப் பதினேழு வயசு. அவரைச் சேத்தா இருபது பேர் சரியா இருக்கும். தாத்தா அவரை ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைக் கொட்டகைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டாரு. பதிலுக்கு, பொண்டாட்டி பிள்ளையோட இருந்த காத்தானைக் கைகாட்டிட்டாரு. காத்தான்தான் வீரையாண்ணனோட அப்பா.”

யோகாம்பாள் தண்ணீர்க் குழாயை மூடினார்.

“எங்கப்பா சாகறதுக்கு மூணு நாள் முந்தி சொன்னாரு. என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்லை. காத்தான் போகலைன்னா எங்கப்பா போயிருப்பாரு. நான் பொறந்தே இருக்க மாட்டேன்.”

“இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?”

“வேற யார்கிட்டம்மா சொல்வேன்?”

யோகாம்பாள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். கால் வீக்கத்தால் இறங்க முடியாமல் வீரையா தன் இடத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டுட்டு உங்க சீட்டுக்குப் போங்க, சார்.”

அன்று குணாளனால் சொல்ல முடியவில்லை. சும்போன் என்ற ஊரில் இரவு தங்கினார்கள். மறுநாள் காலையில் பஸ் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வீரையா அவருடைய தகப்பனைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“முகம் ஞாபகமில்லை, வாத்தியாரே. தோள்ல உக்காந்து போன ஞாபகம் மட்டும் இருக்கு. வேர்வை வாசனை. அவ்வளவுதான்.”

“வீரையாண்ணே,” என்றார் குணாளன். “உங்கப்பா எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியும்.”

ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது முன்னால் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புகைக் கொட்டகையிலயா?”

“ஆமாண்ணே.”

“உங்கப்பாவை எனக்குத் தெரியும். பெரியவனானப்புறம் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வாங்கித் தருவாரு. ஒரு தடவை சட்டைத் துணி. நல்ல மனுசன்னு நெனச்சேன்.”

குணாளன் தலை குனிந்தார்.

“தள்ளு,” என்றார் வீரையா.

ஓடும் பஸ்ஸில், வீங்கிய கால்களோடு ஒவ்வோர் இருக்கையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். கடைசி வரிசையில் யோகாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். யோகாம்பாள் அவருக்குச் சன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் காஞ்சனபுரியில் முதலில் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். புல்வெளியில் வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, தேதி. பலகைகளுக்கு நடுவே பூச்செடிகள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள்.

ஒரு பெண் கேட்டார்: “நம்மாளுங்க எந்தப் பக்கம் சார்?”

“இங்க இல்லம்மா.”

“அவங்களுக்குக் கல்லு?”

“கல்லு இல்லம்மா. யாரும் பேர் எழுதி வைக்கலை.”

அந்தப் பெண் கையிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூடிக்கொண்டார்.

அடுத்து ஒரு புத்த விகாரைக்குப் போனார்கள். பெயர் தெரியாத தொழிலாளிகளுக்காக அங்கே ஒரு தூபி இருந்தது. வெள்ளையடித்தது. எழுபத்தோரு பேரில் யாருடைய எலும்பாவது அங்கே இருக்கிறதா என்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.

குணாளன் ஒலிபெருக்கியை வைத்தார். பட்டியலைப் பிரித்தார். யோகாம்பாளின் அருகில் வந்தார்.

“அம்மா, இப்பவாவது சொல்லுங்க. எழுபத்தொண்ணா, எழுபத்திரண்டா?”

யோகாம்பாள் பட்டியலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு கூடியிருந்தவர்களிடம் சொன்னார்:

“அவங்கவங்க ஆளை அவங்கவங்களே கூப்பிடுங்க.”

பூவை முந்தானையில் வைத்திருந்த பெண் முன்னால் போனார்.

“எங்க தாத்தா. பேர் தெரியாது. பாட்டி கடைசிவரைக்கும் ‘அவுக’ன்னுதான் சொல்லிச்சு. புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்க அப்பெல்லாம்.” அவர் தூபியைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார். “தாத்தா.”

குணாளன் திடுக்கிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அவர் பட்டியலில் ‘சின்னானின் மருமகன்’ என்றுதான் எழுதியிருந்தார். நான்கு வருடத்தில் அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் பெயரை உரக்கச் சொன்னார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். வீரையாவை அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தூபியின் அருகே வந்ததும் மகளின் கையை விட்டுவிட்டார்.

“அப்பா. வீரையா வந்திருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாக மிஞ்சியவர் குணாளன். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் யோகாம்பாளைப் பார்க்கவில்லை. நேராக நடந்து போய் நின்றார்.

“மாரப்பன். கங்காணி. என்னைப் பெத்தவரைப் பெத்தவர். எழுபத்தோரு பேரைக் கைகாட்டினவர். மகனை ஒளிச்சு வச்சுட்டு அவனுக்குப் பதிலா காத்தானை அனுப்பினவர். அந்த மகனோட பிள்ளை நான்.” கை கூப்பினார். “தாத்தா.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “அடப்பாவி,” என்றது ஒரு குரல். இரண்டு பெண்கள் பின்னால் நகர்ந்து போனார்கள். வீரையா திரும்பவில்லை. தூபியைப் பார்த்தபடியே இருந்தார்.

யோகாம்பாள் மடித்து வைத்திருந்த தாளைக் குணாளனிடம் கொடுத்தார்.

“தேடி வர யாருமே மிஞ்சாதவங்க இருக்காங்களே, சார்.”

நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, நாற்பத்து மூன்று பெயர்களையும் குணாளன் கூப்பிட்டார். பாதியில் குரல் கம்மியது. தண்ணீர் கேட்காமல் தொடர்ந்தார். பின்னால் போன பெண்களில் ஒருத்தி திரும்பி வந்து நின்றாள்.

முடிந்ததும் எல்லாரும் பஸ்ஸுக்குப் போனார்கள். அடுத்து ஆற்றுப் பாலத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அந்தப் பழைய பாதையில் ரயிலில் போக வேண்டும். பயணத் திட்டத்தை நிமிடக் கணக்கில் போட்டிருந்தார் குணாளன். ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பி ஹாரன் அடித்தார்.

வீரையா மட்டும் எழுந்து வரவில்லை. தூபியின் சுவரில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

குணாளன் அவரை நோக்கிப் பாதி தூரம் போனார். நின்றார். திரும்பி யோகாம்பாளிடம் வந்தார்.

“அம்மா, நேத்திலேருந்து அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அப்பவும் என்னைத் திரும்பிப் பாக்கலை. மன்னிச்சாரா, இல்லையா, அதுகூடத் தெரியலை. போய்க் கேட்டுடட்டுமா?”

யோகாம்பாள் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவர் அவங்கப்பாவைப் பாக்க வந்திருக்காரு, சார். உங்களைப் பாக்க வரலை.”

குணாளன் பஸ்ஸுக்குப் போய், இன்ஜினை நிறுத்தும்படி ஓட்டுநருக்குக் கை காட்டினார்.