கிடாவுக்கும் வெச்சாங்க மைக்கு

வெட்டிக்கோம்பைக்குப் புத்தி வரவே இல்லன்னு யாரும் சொல்லக் கூடாது. வந்துச்சு. அங்க பஸ் நிக்காததால அப்படியே போயிடுச்சு.

அந்த ஊர்ல டீக்கடை வெச்சிருந்தான் மருதையன். ஒருநா பஞ்சாயத்துத் தலைவர் பெத்தபெருமாளோட கிடாவைக் காணோம். கடைசியா அது மருதையன் கடை வாசல்ல வாழைப்பழத்தோல் தின்னுச்சாம். போதாதா? திருடுனது அவன்தான்னு தெரிஞ்சா கடைக்குப் பூட்டுன்னுட்டாங்க. அவனுக்கு இருக்கறதே அந்தக் கடை ஒண்ணுதான்.

விசாரிக்கத் தலைவர் டவுன்லருந்து மைக்கு வெச்ச, பொய் புடிக்கற மிஷினே வாங்கியாந்துட்டாரு. "குரல் நடுங்குனா செவப்பு லைட்டு, அது பொய்யி. நடுங்கலேன்னா பச்சை, அது உண்மை. மொதல்ல தெரிஞ்ச உண்மையைச் சொல்ல வெச்சுப் பாருங்க"ன்னு வித்தவன் சொல்லியிருந்தான். பயந்தவனுக்கும் குரல் நடுங்கும்னு அவன் சொல்லல. சொன்னா மிஷின் எப்படி விக்கும்?

"உன் பேரைச் சொல்லுய்யா"ன்னு தன் வீட்டு வாசல்ல கூடுன பஞ்சாயத்துல மைக்கை நீட்டுனாரு தலைவர்.

"ம..மருதையனுங்க."

செவப்பு.

கூட்டமே வாயைப் பொளந்துச்சு. மெம்பர் சிதம்பராண்டி தாடையைத் தடவுனாரு. "தலைவரே, இவன் மருதையன் இல்ல."

"அப்ப மருதையன் எங்கய்யா?"

"அவனையும் காணோம் போல. கிடாவோட சேத்துத் தேடணும்."

"அண்ணே, நேத்துகூட என் கடையில கடனுக்கு டீ குடிச்சீங்களே!"ன்னு கத்துனான் மருதையன்.

"அது மருதையன் கடை. நீ யாருய்யா அதைக் கேக்க?"

அந்த நேரம் பாத்து, தலைவர் வீட்டு வைக்கோல்போருக்குப் பின்னாலருந்து கிடாவே ஆடி அசைஞ்சு வந்துச்சு. மருதையனுக்குப் போன உசுரு திரும்புச்சு. "அந்தா பாருங்க, உங்க கிடா!"

"பாத்து முடிவு பண்ணவா மிஷின் வாங்குனோம்?"ன்னு மொறைச்சாரு தலைவர். மைக்கைக் கிடா வாய்கிட்ட வெச்சாரு.

"மே..ஏ..ஏ..ஏ..!"

செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு.

"நெனச்சேன்"னாரு சிதம்பராண்டி. "என்னா நடுக்கம் பாருங்க! இது வேற ஏதோ ஊருக்காரக் கிடா. நம்ம கிடான்னு ஏமாத்தப் பாக்குது."

மருதையன் யோசிச்சான். இவங்க வழியிலயே போனாத்தான் தப்பிக்கலாம். மைக்கைப் புடுங்குனான். குரலை வேணும்னே நடுங்க விட்டான். "நா..நான்தான் கிடாவைத் திருடுனேன்!"

செவப்பு.

"பொய்யி! அப்ப நீ திருடல!" தலைவர் எந்திரிச்சு அவனைக் கட்டிப்புடிச்சாரு. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதய்யா."

மருதையன் கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கடைப்பக்கம் திரும்புனான்.

"நில்லு"ன்னாரு தலைவர். "திருட்டுல நீ விடுதலை. ஆனா சபையில பொய் சொன்னியே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

பொய் சொன்ன ரெண்டு பேரையும் ஒரே கடைக்குள்ள தள்ளி வெளியில பூட்டுனாங்க. உள்ள கிடா பன்னு பாட்டிலைத் தட்டிவிட்டுத் திங்க ஆரம்பிச்சுச்சு. வெளியில தமுக்கு அடிச்சாங்க:

"இதனால சகலருக்கும் சொல்றது என்னன்னா, தலைவரோட கிடாவை இன்னும் காணோம்! பாத்தவங்க வந்து சொல்லலாம். கிடாவே நேர்ல வந்தாலும் சரிதான், தண்ணியக் குடிச்சிட்டு நிதானமாக் கத்தணும்!"