தண்ணீர் மாற்றும் வேளை

கொளத்தூரில் வண்ணமீன் கடை நடத்தும் ஹபீபாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஞாயிறுதோறும் அவளிடம் பாடம் கேட்க வந்த ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. மருந்துக்கடையில் ஆயுளைக் கழித்தவர். அவர் மனைவி செண்பகவல்லி ‘ஆக்சலாட்டில்’ என்றொரு பிராணியை ஆசையாக வளர்த்தாள். குளிர்ந்த நீரிலேயே வாழ்வது அது. நான்கு கால்கள், கழுத்தின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள். அவள் இறந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாயிற்று. அதற்காகத்தான் அந்தப் பாடம்.

ஒரு நாள் அதை வாளியில் வைத்துத் தூக்கி வந்தார்.

“அஞ்சு நாளா சாப்பிடலம்மா. என்ன மருந்து போடணும்?”

ஹபீபா குனிந்து பார்த்தாள். செவுள்கள் முன்பக்கமாக மடங்கியிருந்தன. வால் நுனி சுருண்டிருந்தது. இரண்டும் அது மிரண்டிருப்பதன் அடையாளம்.

“இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க சார்?”

“உப்பு போட்டேன். மீனுக்கு ஊத்தற நீல மருந்து ஊத்தினேன். வாயைத் திறந்து புழு வெச்சுப் பார்த்தேன். மணிக்கொரு தடவை டார்ச் அடிச்சுப் பார்க்கறேன்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். முந்தைய நாள் பிடித்து வைத்த தண்ணீரில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, குளிர்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினாள். பிராணியை அதில் மெல்ல விட்டு, துணியால் மூடி, கடையின் இருட்டான மூலையில் வைத்தாள்.

“தினமும் காலையில வாங்க. தண்ணியை மாத்துங்க. வீட்டுக்குப் போங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இரண்டு நாள் சொன்னபடி செய்தார். மூன்றாம் நாள் தண்ணீரை மாற்றிவிட்டு அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாலைந்து முறை துணியை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது துடித்துப் போய்த் தொட்டிச் சுவரில் மோதியது.

ஹபீபா வேலையை விட்டுவிட்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“போக மனசு வரலையா சார்?”

அவர் தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். “ஆஸ்பத்திரியில பதினோரு நாள் அவ பக்கத்தை விட்டு நகரலம்மா. கடைசி நாள் டீ குடிக்கக் கால் மணி நேரம் கீழே போனேன். வந்து பார்த்தா...”

இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஹபீபா எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, “நாளைக்கும் தண்ணி மாத்தணும் சார். நீங்கதான் வரணும்” என்றாள்.

அவர் துணியைச் சரியாக இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அதன்பின் தினமும் வந்தார். தண்ணீரை மாற்றினார். போனார்.

ஒன்பதாம் நாள் காலை அவர் உள்ளே நுழைந்ததும் ஹபீபா சொன்னாள்: “நேத்து சாயங்காலம் ரெண்டு புழு சாப்பிட்டுச்சு.”

ஏகாம்பரம் துணியின் ஓரத்தைத் தூக்கினார். செவுள்கள் விரிந்து பின்பக்கம் சாய்ந்திருந்தன. பார்த்துக்கொண்டே நின்றார். முகம் மலர்ந்தது; உடனே வாடவும் செய்தது.

“அந்த நேரத்துல நான் பக்கத்துல இல்லையேம்மா.”

“நீங்க மாத்தின தண்ணியிலதானே சார் இருந்துச்சு” என்றாள் ஹபீபா.