அணில் பிரித்த பூச்சரம்

ஒரு காட்டில் ஒரு நாவல் மரம் நின்றது. அதன் துளிர் ஒன்றில், கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரணு. குழந்தைகளே, அந்த உயிரணுவுக்குள்ளும் ஒரு குட்டிக் காடு இருந்தது! அங்கே எப்போதும் இளம்பச்சை வெளிச்சம். காற்றுகூட அரைத் தூக்கத்தில்தான் வீசும்.

அந்தக் குட்டிக் காட்டின் நடுவில் இரட்டைப் பூச்சரம் ஒன்று தொங்கியது. மரம் எப்படி வளர வேண்டும், பழம் எப்படி இனிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பூக்களின் வரிசையில்தான் இருந்தது. மகிழம்பூவுக்கு எதிரே புன்னைப்பூ, இலுப்பைப்பூவுக்கு எதிரே வேப்பம்பூ. இந்த ஜோடி மாறவே கூடாது.

உயிரணு இரண்டாகப் பிரியும் நாள் வந்தது. இரண்டுக்கும் சரம் வேண்டுமே! இரட்டைச் சரத்தைப் பிரித்து, ஒவ்வொரு பழைய சரத்துக்கும் எதிரே புதுச் சரம் கோக்கும் வேலை அந்தக் காட்டில் வாழ்ந்த ஓர் அணிலுடையது. விறுவிறுவென்று கோத்தது. "என்னைப் போல் கோக்க யார் இருக்கிறார்கள்?" என்று அதற்குப் பெருமை தாங்கவில்லை.

ஜோடி தவறிய இடத்தில் சரம் புடைத்துக்கொள்ளும்; அதைத் தேடிப் பின்னாலேயே சரத்தை முகர்ந்துகொண்டு வந்த ஒரு மூஞ்சூறு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"அணிலாரே, இங்கே சரம் புடைத்திருக்கிறது. மகிழம்பூவுக்கு எதிரே வேப்பம்பூ!"

அணிலுக்கு வெட்கமாகப் போயிற்று. "இவ்வளவுதானே? அந்த மகிழம்பூவை எடுத்துவிட்டு இலுப்பைப்பூவை வைத்தால் ஜோடி சரியாகிவிடும்" என்று பழைய சரத்தில் கை வைத்தது.

"ஐயோ, வேண்டாம்! பழைய சரத்தில் மெழுகு பூசியிருக்கிறது பாருங்கள்; அதுதான் அசல். அதை மாற்றினால் புடைப்பு மறைந்துவிடும். அப்புறம் எந்த மூக்காலும் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. பழம் காலமெல்லாம் கசக்கும்!"

"அப்படியென்றால்?"

"நீங்கள் கோத்த புதுச் சரத்தைத்தான் பிரிக்க வேண்டும். ஒரு பூவை மட்டும் உருவ முடியாது. இங்கிருந்து அதோ, அந்த முடிச்சு வரை."

அணில் திரும்பிப் பார்த்தது. அத்தனையும் அது ஆசை ஆசையாகக் கோத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழைய சரத்தில் ஒரே ஒரு பூவை மாற்றிவிட்டால் போதுமே, அப்புறம் யாருக்கும் தெரியாதே! அதற்குள் உயிரணு இரண்டாகப் பிரிவதற்காக நடுவில் மெல்லக் குறுகத் தொடங்கியது. அணிலின் கை மகிழம்பூவின் மேலேயே நின்றது.

பிறகு, தான் கோத்த சரத்தை நறுக்கென்று கடித்தது.

பூக்கள் மிதந்து மிதந்து உதிர்ந்தன. அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கோத்தது, ஒவ்வொரு பூவையும் பார்த்துப் பார்த்து.

மூஞ்சூறு முகர்ந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் அது நிற்கவே இல்லை.

நீதி: தவறு நம்முடையது என்றால் நாம் செய்ததைத்தான் பிரிக்க வேண்டும், சரியாக இருப்பதைத் தவறுக்கு ஏற்ப மாற்றக் கூடாது.