ஊற்றுக்காட்டைக் கொடுத்தது யார்?

கருங்கானல் மலையில் ஊருக்கு மேலே ஒரு சோலை இருக்கிறது. இன்று அது காப்புக்காடு. அதற்குள் கோடாலி போகாது. தானமாக வந்த காடு. தானம் செய்தது யார் என்பதில்தான் இன்னும் வழக்குத் தீரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

அந்தச் சரிவு முழுக்க ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்து. தகப்பனார் போனபின் பாகம் பிரித்தார்கள். மேலே இருந்த சோலை அண்ணன் குமரவேலுக்கு. கீழே இருந்த காப்பித் தோட்டம் தங்கை செல்லக்கனிக்கு. நடுவில் ஒரு வண்டிப்பாதை. பிரிக்கும்போது வந்த வாய்ச்சண்டையில் அண்ணன் பேச்சை நிறுத்தினவன்தான். திண்டுக்கல்லுக்குப் போய்க் கடை வைத்துக்கொண்டான். சோலையை விடுதி கட்டுகிறவர்களுக்கு விற்கப் பேசுகிறான் என்று செல்லக்கனியின் காதுக்கும் வந்திருந்தது. அவளோ கணவனை இழந்தவள். தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. ஊர் முழுக்கக் குடித்தது அந்தச் சோலைக்குள் இருந்த ஊற்றுத் தண்ணீரை.

ஒரு பங்குனியில் அடிவாரப் புல்லில் தீப்பிடித்தது. காற்று அதை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. ஊர் ஆட்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவன் சடையாண்டி. புகை வரும் வேகத்தைப் பார்த்துவிட்டுச் செல்லக்கனியிடம் வந்தான்.

"அக்கா, தோட்டத்துக்குக் கீழ நின்னு அடிச்சுப் பார்க்கலாம். தாக்குப்பிடிச்சா எல்லாம் தப்பும். முடியலேன்னா உங்க தோட்டமும் போகும், சோலையும் போகும்."

"வேற வழி இல்லையா?"

"வண்டிப்பாதையில சருகைக் கூட்டித் தள்ளிட்டு, அங்கருந்து கீழாக்க நாமளே எதிர்த்தீ வைக்கலாம். வர்ற தீக்குத் திங்க எதுவும் இருக்காது. சோலை தப்பும்." கொஞ்சம் நிறுத்தினான். "தோட்டம் மிஞ்சாது."

செல்லக்கனி செடிகளைப் பார்த்தாள். அவளும் கணவனும் கை நோக நட்டு வளர்த்தவை. முகம் கொடுத்துப் பேசாத அண்ணனின் காட்டுக்காக, அதுவும் நாளைக்கே கைமாறப் போகிற காட்டுக்காக, தன் சோற்றைத் தானே கொளுத்துவதா? அண்ணனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் செய்தாள்; எடுக்கவில்லை.

"யாராச்சும் சொல்லுங்களேன்" என்று சுற்றி நின்றவர்களைக் கெஞ்சினாள்.

தீப்பெட்டியை அவளே கேட்டு வாங்கி, தீயையும் அவளே வைத்தாள்.

தோட்டம் படபடவென்று வெடித்து எரிந்தது. சடையாண்டி சொன்னபடியே இரண்டு தீயும் முட்டி அடங்கின. ஆனால் அடங்குவதற்கு முன்பே காற்று ஒரு சுழல் சுழன்று, செல்லக்கனி வைத்த தீயிலிருந்து பொறியை அள்ளிச் சோலைக்குள் வீசிவிட்டது. சடையாண்டி உள்ளே ஓடி அதை அடித்து அணைத்தான். வெளியே வரும்போது, பாதையோரம் எரிந்துகொண்டிருந்த பட்டமரம் ஒன்று அவன்மேல் சாய்ந்தது. மலையிறக்கி ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அதன்பிறகு செல்லக்கனி மற்றவர் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். சடையாண்டியின் மனைவி வீராயி எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்றாள். "நான் வச்ச தீ" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குமரவேல் வந்தான். சாம்பலில் நடந்து போய் ஊற்றருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தங்கை வீட்டுக்கு வந்து, சோலையில் பாதியை எழுதித் தருகிறேன் என்றான்.

"அதுல ஒரு உசிரு போயிருக்கு. எனக்கு வேண்டாம்" என்றாள் அவள்.

அவன் விற்பனைப் பேச்சை முறித்துவிட்டு, இனி யாரும் வெட்டவோ விற்கவோ முடியாதபடி சோலையை வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தான். ஒப்படைக்கும் நாளில் ரேஞ்சர், கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும், ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார்.

"என் தங்கச்சி பேரு" என்றான் குமரவேல். "அவ எரிச்சதாலதான் எனக்கு இது மிஞ்சுச்சு."

"சடையாண்டி பேரைப் போடுங்க" என்றாள் செல்லக்கனி.

கூட்டத்தில் இருந்த வீராயி எழுந்தாள். "அவரு தானம் பண்ணப் போகல. அணைச்சிட்டு வீட்டுக்கு வரத்தான் போனாரு. காடு யாரு பேர்ல இருந்துச்சோ அவங்க பேரையே போடுங்க."

சொல்லுங்கள்: அந்தக் காடு குமரவேல், செல்லக்கனி, சடையாண்டி இந்த மூவரில் யாருடைய கொடை?

விடை: செல்லக்கனியுடைய கொடை. குமரவேல் கொடுத்தது நல்ல மனதோடுதான். ஆனால் தங்கை காப்பாற்றித் தந்திராவிட்டால் அவன் கையில் இருந்திருப்பது சாம்பல். சடையாண்டி இழந்ததற்கு ஈடே கிடையாது. என்றாலும் வீராயி சொன்னதுதான் உண்மை. அவன் உயிரை அவன் கொடுக்கவில்லை, தீ பிடுங்கிக்கொண்டது. தனக்குத் திரும்பி வராது, பலன் போவது பேசாத அண்ணனுக்கு என்று தெரிந்தே கையிலிருந்ததை விட்டவள் செல்லக்கனி ஒருத்திதான். ஆனால் கல்லில் இருப்பது சடையாண்டியின் பெயர். அவள் பிடிவாதமாக நின்று வெட்ட வைத்தாள். வீராயி இன்னும் அந்தக் கல்லைப் போய்ப் பார்க்கவில்லை. போகச் சொல்லிக் கேட்கும் துணிவு செல்லக்கனிக்கும் வரவில்லை.