பதிமூன்று ஓம்

ஆண்டியப்பனுக்கு ஐம்பத்தோரு வயது. திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுவதில் கை தேர்ந்தவர். இருபது வருஷமாக அந்த ஊர்க் கோபுரத்தில் எரிவது அவர் கட்டிய விளக்குதான். இந்தப் பங்குனிக்குத்தான் கமிட்டிக்காரர்கள், வயர்மேன் லைசென்ஸ் இல்லாமல் கோபுரத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை திங்கட்கிழமை. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று.

அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா டீச்சருக்கு இருபத்தேழு வயது. பொறுமைசாலி என்று பெயரெடுத்தவள். ஆண்டியப்பன் வகுப்பில் வந்து சேரும்வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். பையில் அவருடைய பரீட்சை அனுமதித் தாள் இருந்தது. டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள். போட முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள்.

ஆண்டியப்பன் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். முறுக்கு அவர் மனைவி பொன்னழகுவின் தொழில். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து இவர்தான் பிழிகிறார். கட்டு அவிழ்த்து ரெண்டு மாசமாகியும் அவளுக்குக் கை முன்னைப்போல் சுருக்காக ஓடவில்லை.

"நானும் ஒரு உரல் எடுத்துக்கறேனே," என்றாள் பொன்னழகு.

"நீ ஒண்ணு பிழியறதுக்குள்ள நான் ரெண்டு பிழிஞ்சிருவேன். குறுக்க வராத, தள்ளு."

அவள் சுவரோரம் போய் நின்றாள். அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். எங்க, படிக்கவே நேரமில்ல. முறுக்கு சாப்பிடுங்க."

"முறுக்கு இருக்கட்டும்ணே. கடைசியா ஒரு தடவை கேக்கறேன். கரண்டு போற வழியில முதல்ல நாலு ஓம் தடை. அப்புறம் வழி ரெண்டாப் பிரியுது. ஒரு கிளையில ஆறு, இன்னொண்ணுல மூணு. திரும்ப ஒண்ணாச் சேர்ந்துருது. மொத்தத் தடை எவ்வளவு?"

"பதிமூணு."

யோசிக்கக்கூட இல்லை மனுஷன்.

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள். "மூணு மாசமா இதே பதிமூணு."

"மூணு மாசமா நீங்களும் அதையேதானே கேக்கறீங்க."

பொன்னழகு அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் எழுதிக்கொடுத்த சூத்திரம் எங்கண்ணே போச்சு?"

"அது இருக்கு டீச்சர், மனசுதான் ஒப்பமாட்டேங்குது. என் சீரியல் செட்ல ஒரு பல்பு கூடினா மத்ததெல்லாம் மங்குது. தடை மேல தடையைச் சேர்த்துட்டு, குறைஞ்சுபோச்சுன்னு எழுதச் சொல்றீங்க. எப்படிக் குறையும்?"

ஜெசிந்தா உரலைப் பார்த்தாள். "அக்கா, ஒத்தை ஓட்டைத் தகடு இருக்கா?"

இருந்தது. அதை மாட்டி அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். மாவு எறும்பாக ஊர்ந்தது.

"மாவு இறுகிப்போச்சு," என்றார்.

"மாவு அதே மாவுதான். டிரில் மிஷினை எடுத்துட்டு வாங்க. அந்த ஓட்டைக்குப் பக்கத்துல இன்னொண்ணு போடுங்க. அதைவிடச் சின்னதா."

"அது புதுத் தகடு," என்றாள் பொன்னழகு.

"உங்க வீட்டுக்காரர் எடுத்த என் உசுருக்கு ஒரு தகடு போகட்டுங்க்கா."

ஓட்டை போட்டு, கழுவி, மாட்டி அழுத்தினார். தடியாக ஒரு இழையும் மெல்லிசாக ஒரு இழையும் இறங்கின.

"லேசா இறங்குதே."

"சின்ன ஓட்டை மட்டும் இருந்தா?"

"கை விட்டுப்போயிரும். பெரிசைவிடக் கஷ்டம்."

"அந்தக் கஷ்டத்தைத்தானே பக்கத்துல சேர்த்தீங்க. ஏன் லேசாச்சு?"

அவர் இரண்டு இழையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பலகையில் கிடந்த மாவில் விரலால் கணக்குப் போட்டார்.

"மாவுக்கு வழி ரெண்டாச்சு. அப்ப நாலையும் சேர்த்து மூணையும் இப்படியே பக்கம் பக்கமா வெச்சிருவோம். ஒண்ணே கால் சொச்சம் வருது."

ஜெசிந்தா தலையில் கை வைத்தாள். "பதிமூணே தேவலை."

இன்னொரு ஒற்றை ஓட்டைத் தகட்டை எடுத்தாள். அவருடைய கருவி டப்பாவிலிருந்து ஒரு பெரிய வாஷரையும் எடுத்தாள்.

"கழுவிட்டுப் போடுங்க டீச்சர், திங்கற பண்டம்," என்றாள் பொன்னழகு.

கழுவினாள். உரலில் கீழே இரட்டை ஓட்டைத் தகடு, நடுவில் வாஷர், மேலே ஒற்றை ஓட்டை. மாவை அடைத்து அவரிடம் நீட்டினாள். மறுபடியும் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னண்ணே?"

"மேல ஒத்தை ஓட்டை நிக்குதே. கீழ ரெண்டு வழி இருந்து என்ன? எல்லா மாவும் இதுக்குள்ள நுழைஞ்சுதான் வரணும்."

"இது எத்தனை ஓம்?"

"நாலு," என்றவர் உரலைக் கீழே வைத்தார். விரல் மாவுக்குப் போனது. "கீழ ஆறும் மூணும் பக்கம் பக்கமா. அது ரெண்டு. மேல நாலு. மொத்தம் ஆறு."

ஜெசிந்தா நம்பவில்லை. "முதல்ல அஞ்சு. கிளையில நாலும் பன்னெண்டும்."

கொஞ்ச நேரம் விரல் ஓடியது. "எட்டு."

அவள் பையிலிருந்து தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியை மாட்டுவதற்குள் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கேளுங்க."

"மூணுக்குப் பக்கத்துல அந்த ஆறு எதுக்கு? மூணுல போறதுல பாதிதான் அதுல போகுது. பேசாமக் கழட்டிப்போட்டா கணக்கு சுளுவாயிருமே."

ஜெசிந்தா அண்டாவைப் பார்த்தாள். பாதி மாவு அப்படியே கிடந்தது. அலமாரியில் இன்னொரு உரல் கவிழ்ந்திருந்தது. சுவரோரம் பொன்னழகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா ஒண்ணு பிழியறதுக்குள்ள நீங்க ரெண்டு பிழிவீங்க. ஆறைக் கழட்டி அந்தச் செவுத்தோரம்தானே நிக்க வெச்சிருக்கீங்க. படிக்க நேரம் கிடைச்சுதா?"

ஆண்டியப்பன் சுவரோரம் திரும்பிப் பார்த்தார். பலகையில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்.