மெஸ்ஸா, சொந்தச் சமையலா?

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நல்லதம்பி, தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு நெறியாளராக வாய்த்த மங்கையர்க்கரசிக்கு அவருடைய மகள் வயது. இருந்தாலும் குரு குருதான் என்று, அவர் சொன்ன பிறகுதான் நல்லதம்பி நாற்காலியில் உட்காருவார்.

ஆய்வு தொடங்கும் முன்பே சந்தேகம் வந்துவிட்டது.

"மேடம், இங்கே ரெண்டு விடுதி இருக்கு. ஒண்ணுல மெஸ் உண்டு. மணி அடிச்சா போய் உட்காரலாம், போடுறதைச் சாப்பிடலாம். இன்னொண்ணுல அடுப்பு மட்டும்தான். நாமளே பொங்கிக்கணும். எதுல சேரட்டும்?"

"ரெண்டுலயும் கொஞ்ச நாள் இருந்து பாருங்க சார். வார்டன்கிட்ட நான் சொல்றேன்."

மெஸ்ஸில் ஒரு வாரம் சாப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"சாம்பாரா மேடம் அது? முருங்கைக்காய் வேணும்னா முங்கித் தேடணும். பொங்கல்ல மிளகு வாசனைகூட இல்லை. சமைக்கிற ஆளைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் நாலு கேள்வி கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவான்? தலையைச் சொறிஞ்சான். உள்ளே போய் எனக்குன்னு ஊறுகாய் எடுத்துட்டு வந்தான்."

"சரி, அடுத்த விடுதியைப் பாருங்க."

அடுத்த விடுதியில் நல்லதம்பியின் சோறு களியானது. அரிசிக் கடைக்காரனைத் திட்டினார். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. அடுப்பைத் திட்டினார். மறுநாள் உருளைக்கிழங்கு வறுக்க மனைவியிடம் போனில் வழி கேட்டார். எண்ணெயைக் காயவைக்கச் சொன்ன அந்த அம்மாள், இவர் அடுப்படியில் நிற்பதை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இவர் நின்றுகொண்டிருக்க, எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. பக்கத்து அறை வேதியியல் மாணவன் ஈரச் சாக்கோடு ஓடிவந்து அணைத்தான்.

புருவம் கருகிய நிலையில் மறுபடியும் குருவிடம் வந்தார்.

"அங்கேயும் சரிப்படலை மேடம்."

மங்கையர்க்கரசி அவர் புருவத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நாளைக்கு மதியம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நானே சமைக்கிறேன்."

மறுநாள் இலையில் சூடாகச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் விழுந்தன. நல்லதம்பி பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மளமளவென்று சாப்பிட்டார்.

"எப்படி சார் இருக்கு?"

"அமிர்தம் மேடம்."

"உப்பு?"

"கச்சிதம்! இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

"குழம்புல நான் உப்பே போடலை சார்."

நல்லதம்பியின் கை இலையிலேயே நின்றது.

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் மேடம்..."

மங்கையர்க்கரசி உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்கிட்ட காட்டின இந்தப் பொறுமையோட மெஸ்ஸிலேயே சேர்ந்துடுங்க சார். ஆமா, அங்கே சமைக்கிறவர் பேர் என்ன?"

அந்தப் பேரைக் கேட்டதே இல்லாத நல்லதம்பி, கிண்ணத்திலிருந்து உப்பை எடுத்து இலையில் வைத்துக்கொண்டார்.